எலி கடிச்சு செத்த அரவானும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகமும்



ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம், கூடவே சோம்பேறித்தனமும். நடுவுல ரெண்டு மூணு நண்பர்கள் "என்னாச்சு, கடையை மூடிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டாங்க. மூடலை சாமி. எழுத ஒரு மேட்டர் சிக்கணும்ல, அதுக்காகக் காத்திருந்தேன். சிக்கின மேட்டரும் காத்திருக்கறதைப் பத்தினதாவே அமைஞ்சு போச்சு.

டிஸ்கி: இது ஒரு கம்ப்யூட்டர் கேம் பத்தின பதிவு. "கழுதை வயசாகியும் கேமா?"ன்னு ஓடிடாதீங்க. நடுவுல ஜாகிர்தார் வருவாரு, தெருக்கூத்து வரும், கூத்தாண்டவர் வருவாரு. முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க :)

2018 ஜூன் 10ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு மேடை. நம்மூர்ல அப்போ மறுநாள் காலை. பெதஸ்டாங்கற கம்பெனி மேடையில ஒரு துண்டுப் படம் போட்டாங்க. ஒரு நிமிஷம் கூட இல்லை. மேகத்துக்கு நடுவுல பாறை மலை, தள்ளி ஒரு கடற்கரை, பின்னணியில மேளம், கடைசியில எழுத்து: எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறு. அவ்ளோதான். தேதி கிடையாது, ஊர் பேர் கிடையாது, ஒரு மனுஷ மூஞ்சி கூட கிடையாது. நான் அன்னிக்கு ஆபீஸ் பஸ்ஸுல உட்கார்ந்து அதை ஒரு பத்து தடவை பார்த்திருப்பேன். அப்படியே வாட்சப்புல என் சிநேகிதன் ஒருத்தனுக்கு அனுப்பினேன். கல்வராயன் மலைக்காரன். சாயங்காலம் போன் பண்ணான்.

"டேய் மாப்ள, இது எங்க மலை மாதிரியே கீதுடா. எப்போ வருது?"

"தெரியலடா. வரும்."

இதை எழுதற வரைக்கும் வரலை. அவன் கேட்கறதையும் நிறுத்தலை.

இந்தக் காத்திருப்புக்குப் பின்னாடி முப்பது வருஷத்துக்கு மேல ஒரு வரலாறு இருக்கு. அதைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க.

ரோல் பிளேயிங் கேம்னா, நம்ம பாஷையில வேஷம் கட்டற விளையாட்டு. நீங்க ஒரு ஆளா மாறணும். வீரனோ, மந்திரவாதியோ, திருடனோ. அந்த ஆளோட கண்ணால ஒரு உலகத்தைப் பார்க்கணும். 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன்னு ரெண்டு பேர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு ஒண்ணை வெளியிட்டாங்க. கம்ப்யூட்டரே வேணாம். பேப்பர், பென்சில், பகடை, சுத்தி உட்கார நாலு பேர், கதை சொல்ல ஒருத்தர். கம்ப்யூட்டர்ல வந்த வேஷ விளையாட்டு எல்லாத்துக்கும் தாத்தா அதுதான்.

அதை ஆடி வளர்ந்த பசங்க சில பேர் மேரிலாண்ட் மாநிலத்துல இருந்த பெதஸ்டா கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தாங்க. 1986ல ஆரம்பிச்ச கம்பெனி. பெதஸ்டாங்கறது ஊர் பேரு. (நம்மாளுங்க கள்ளக்குறிச்சி ஸ்வீட் ஸ்டால்னு வைக்கிற மாதிரி.) ஜூலியன் லெஃபே, டெட் பீட்டர்சன், விஜய் லக்ஷ்மண் - இந்த மூணு பேரும்தான் முதல் ஆட்டத்துக்கு முக்கியமானவங்க. மூணாவது பேரைக் கவனிச்சீங்களா? நானும் முதல்ல பார்த்தப்போ ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவங்க முதல்ல பண்ண நினைச்சது மல்யுத்தக் களம் மாதிரி ஒரு சண்டை விளையாட்டு. உங்க கோஷ்டி ஊர் ஊராப் போய் மோதணும். அதான் பேரு 'அரீனா'. ஊர் ஊராப் போகும்போது வழியில சின்னச் சின்ன வேலைகள் வெச்சாங்க. அந்த வழிவேலை வளர்ந்து வளர்ந்து, சண்டைக் களம் சுருங்கிப் போய், கடைசியில காணாமலே போச்சு. ஆனா பேரு மட்டும் அட்டையில ஏறிடுச்சு, மாத்த முடியலை. களமே இல்லாத ஆட்டத்துக்குக் 'களம்'னு பேரு! அப்புறம் சமாளிக்கறதுக்காக, இந்த உலகத்துல அவ்வளவு அடிதடி நடக்குது, அதனால ஜனங்க இதை அரீனான்னு கூப்பிடறாங்கன்னு கதையில சேர்த்தாங்க. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்', அதாவது மூத்தோர் சுவடிகள்ங்கற அடைமொழியை ஒட்ட வெச்சது விஜய் லக்ஷ்மண்தான்னும், அதுக்கு என்ன அர்த்தம்னு அப்போ யாருக்குமே தெரியாதுன்னும் பீட்டர்சன் பின்னாடி ஒரு பேட்டியில சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காரு. சுவடின்னா என்னன்னு நம்மகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்போம் :)

1993 கிறிஸ்மஸுக்கு வந்திருக்க வேண்டியது, தவறி 1994 மார்ச்சுல வந்துச்சு. தேதி தவறறது இந்தக் குடும்பத்துல முதல் பிள்ளையிலயே ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. கடைக்குப் போனதும் கொஞ்சம் காப்பிதான். கம்பெனியை முழுகடிச்சுட்டோம்னு அவங்களே பயந்திருக்காங்க. ஆனா வாங்கினவன் இன்னொருத்தன்கிட்ட சொல்லி, அவன் இன்னொருத்தன்கிட்ட சொல்லி, மெல்ல மெல்ல பரவிடுச்சு.

நிற்க. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

2004ல நான் கள்ளக்குறிச்சியில இருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு வெச்ச ஆறு சிஸ்டம், எல்லாம் விண்டோஸ் 98. மணிக்கு 20 ரூபாய். அதுல நாலு சிஸ்டத்துல மவுஸ் வேலை செய்யும். பேப்பர்ல எல்லாம் புதுசு புதுசா கேம் படம் போடுவாங்க, அந்த சிஸ்டத்துல அதெல்லாம் சிடியைப் போட்டாலே மயங்கி விழும். அந்த வருஷம் அரீனாவுக்குப் பத்து வயசு முடிஞ்சதுன்னு பெதஸ்டா அதை இலவசமா விட்டாங்க. பத்து வருஷப் பழைய ஆட்டம்ங்கறதால எங்க கிழட்டு சிஸ்டத்துல அது ஜம்முனு ஓடுச்சு. எங்களுக்கு அதுதான் புது ரிலீஸ்!

கூட ஆடினவன்தான் மேல சொன்ன மலைக்காரன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல இருந்து கீழே வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிட்டு இருந்தான். கல்வராயன் மலையைப் பார்க்காதவங்களுக்கு: கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினா மலை ஏற ஆரம்பிக்கும். மேலே 2000, 3000 அடி உயரத்துல ஊருங்க. மலையாளிங்கன்னு சொல்லுவாங்க. கேரளாவுக்கு சம்பந்தம் இல்லை, மலையை ஆள்றவங்க. முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்து மலை ஏறினாங்கன்னு அவங்க வழிவழியா சொல்ற கதை. மரவள்ளி, சாமை, தேன், கடுக்காய், புளி.

அரீனாவுல ஆரம்பத்துல பத்து கேள்வி கேட்கும். பதிலைப் பொறுத்து நீங்க வீரனா மந்திரவாதியான்னு சொல்லும். அப்புறம் பேரு கேட்கும். முதல் நாள் என் பேரை அடிச்சேன். ஒரு பாதாளச் சிறையில கண்ணு முழிப்பீங்க. இருட்டு. பத்தடி நடந்தா ஒரு எலி. அந்த எலி கடிச்சு செத்தேன். மறுபடி ஆரம்பிச்சோம், அவன் பேரு. மறுபடி எலி. அஞ்சாறு தடவை இப்படி ஆனதும் கடுப்பாகி "எவனா இருந்தாலும் முதல் நாளே பலிடா"ன்னேன். அவன் யோசிக்காம சொன்னான், "அப்போ அரவான்னு வெய்யி."

ஏ, ஆர், ஏ, வி, ஏ, என்னு ஒத்தை விரல்ல தட்டினான். அந்த அரவான் எலிகிட்ட தப்பிச்சுட்டான்! அடுத்த ரூம்ல காப்ளின்கிட்ட செத்தான், அது வேற விஷயம். ஆனா அதுக்கப்புறம் எத்தனை தடவை ஆரம்பிச்சாலும் பேரு அரவான்தான்.

கதை என்னன்னா, சக்கரவர்த்தி யூரியல் செப்டிமை அவரோட மந்திரவாதியே வேற ஒரு உலகத்துல அடைச்சு வெச்சுட்டு, தானே ராஜா வேஷம் போட்டு சிம்மாசனத்துல உட்கார்ந்துட்டான். மந்திரவாதி பேரு ஜாகர் தார்ன். எங்க இங்கிலீஷ் லட்சணத்துக்கு நான் அதை எழுத்துக்கூட்டிப் படிச்சதும் என் சிநேகிதன் கபால்னு திரும்பினான்.

"ஜாகிர்தாரா?"

சிரிக்காதீங்க. அவனுக்கு அது ஜோக் கிடையாது. கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்த மலை. சடையக் கவுண்டன் ஜாகிர், குரும்பக் கவுண்டன் ஜாகிர், ஆரியக் கவுண்டன் ஜாகிர்னு மூணு. வெள்ளைக்காரன் வந்தான், போனான். 1947ல சுதந்திரம் வந்துச்சு. கீழே சமவெளியில ஜமீன் ஒழிப்பு எல்லாம் நடந்துச்சு. மேலே மலையில ஜாகிர்தார்தான் வரி வாங்கினாரு, ஜாகிர்தார்தான் பஞ்சாயத்து பண்ணாரு. 1976லதான் அரசாங்கம் அந்த மலையை எடுத்துக்கிச்சு. அதாவது இந்திய சுதந்திரம் மலை ஏற 29 வருஷம் பிடிச்சது. ஜாகிர் வீட்டு நிலத்துல கூலி இல்லாம வெட்டி வேலை பார்த்த கதையை அவங்க ஆயா சொல்லும்னு சொல்லுவான். அதனால ஸ்க்ரீன்ல ஜாகர் தார்ன்னு வந்ததுல இருந்து அவன் ஆடின ஆட்டம் வேற, நான் ஆடின ஆட்டம் வேற. எனக்கு அது பொழுதுபோக்கு. அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுவான்.

(கள்ளக்குறிச்சின்னா இப்போ வெளியூர்க்காரங்களுக்கு 2024 ஜூன்ல அறுபதுக்கும் மேல பேரை வாரிக்கிட்டுப் போன விஷச் சாராயம்தான் ஞாபகத்துக்கு வருது. அதுக்கப்புறம்தான் ஹைகோர்ட்டு தானா முன்வந்து கல்வராயன் மலை ஜனங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டுச்சு. இந்தப் பதிவுக்கு அது வேணாம். ஆனா சொல்லாம தாண்டிப் போகவும் மனசு வரலை.)

அந்தக் கதையில இன்னொரு ஆள் உண்டு. ரியா சில்மேன். ஜாகர் தார்னோட சிஷ்யை. அவன் துரோகத்தைக் கண்டுபிடிச்சதால அவனே அவளைக் கொன்னுடறான். ஆனா செத்தவ போக மாட்டேங்கறா. ஆவியா நின்னு, சிறையில இருக்கற உங்க கனவுல வந்து, எட்டுத் துண்டா உடைஞ்ச மந்திரக்கோலோட ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்குன்னு வழி சொல்றா. கதை முடியற வரைக்கும் கூடவே வர்றா. இவளை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, வரலாறுக்கு வருவோம். 1996ல ரெண்டாம் பாகம், டாகர்ஃபால். பிரிட்டன் அளவுக்குப் பெரிய உலகம்னு பேரு வாங்குச்சு. 15,000க்குப் பக்கமா ஊரும் கோட்டையும் குகையும். எல்லாம் கணக்குப் போட்டு கம்ப்யூட்டரே வரைஞ்சது. பிழை மட்டும் மனுஷன் போட்டது :) தரை ஓட்டை வழியா நடந்து போய் வெட்டவெளியில விழுந்தவங்க கதை ஏராளம். அப்புறம் ஆறு வருஷம் இருட்டு. கம்பெனி திவாலாகற நிலைமைக்குப் போய், 1999ல ஸெனிமேக்ஸ்னு புது முதலாளி வந்து, டாட் ஹோவர்ட் தலைமையில 2002 மே மாசம் மூணாம் பாகம் மாரோவிண்ட் வந்துச்சு. என்னைக் கேட்டா இந்தத் தொடர்ல ஆகச் சிறந்தது இதுதான். காளான் மரமும் சாம்பல் புயலும் ராட்சசப் பூச்சி மேல பஸ் சர்வீஸும்னு, வேற எவனும் யோசிக்காத உலகம். அம்புக்குறி போட்டு வழி காட்டாது. "ஆத்தங்கரை ஓரமா போ, இடது பக்கம் ஒரு பாறை வரும்"னு எவனாவது சொல்லுவான், நாமதான் தேடணும். கச்சிராயபாளையத்துல வழி கேட்ட மாதிரியே இருக்கும்.

2006 மார்ச்சுல ஆப்ளிவியன். குதிரைக்குக் கவசம் தனியா ரெண்டரை டாலர்னு வித்து கெட்ட பேரு வாங்கினது இதுலதான். கேம் உலகத்துல சில்லறை வியாபாரம் பண்றதுக்கு அதுதான் பிள்ளையார் சுழின்னு இன்னமும் திட்டறாங்க. 2011 நவம்பர் 11ல அஞ்சாம் பாகம், ஸ்கைரிம். 11-11-11. பனி மலை, டிராகன். 2023ல டாட் ஹோவர்ட் சொன்ன கணக்குப்படி 6 கோடி காப்பிக்கு மேல வித்திருக்கு.

இப்போ இடைவெளியைப் பாருங்க. ரெண்டு வருஷம், ஆறு வருஷம், நாலு வருஷம், அஞ்சரை வருஷம். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல? 2011ல இருந்து எண்ணிக்கிட்டே இருக்கோம். ஸ்கைரிம் வந்த அன்னிக்குப் பிறந்த குழந்தை இப்போ ஸ்கைரிம் ஆடுது. நடுவுல அதே ஸ்கைரிமை 2016ல பாலிஷ் போட்டு வித்தாங்க, 2017ல கைக்கு அடக்கமான மிஷின்ல வித்தாங்க, கண்ணுல மாட்டற கண்ணாடிக்கு வித்தாங்க, 2021ல பத்தாம் வருஷப் பதிப்புன்னு வித்தாங்க. 2014ல ஆன்லைன்ல ஆடற ஒண்ணு வந்துச்சு, அதை எங்க ஆளுங்க கணக்குல சேர்க்க மாட்டாங்க, சித்தப்பா பிள்ளை மாதிரி.

ஏன் இவ்ளோ லேட்டு? எளிமையாச் சொன்னா, ஆட்டம் பெருத்துப் போச்சு. ஸ்கைரிமைச் செஞ்சது ஏறக்குறைய 100 பேர். 2023 செப்டம்பர்ல வந்த விண்வெளி ஆட்டம் ஸ்டார்ஃபீல்டைச் செஞ்சது 400க்கும் மேல. அது முடிஞ்சாதான் இதுக்கு முழு ஆளும் வருவாங்க. நடுவுல 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனியையே வாங்கிடுச்சு. அந்த வியாபாரம் 2021 மார்ச்சுல முடிஞ்சது. 2023 ஜூன்ல வேற ஒரு வழக்குக்காக அமெரிக்க கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்த மைக்ரோசாஃப்டோட ஃபில் ஸ்பென்சர், ஆறாம் பாகம் வர இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகலாம்னு சொல்லிட்டாரு. 2024 மார்ச்சுல, அரீனாவோட முப்பதாம் வருஷத்துக்கு, ஆரம்ப கட்ட வடிவத்தை நாங்களே ஆடிப் பார்த்துட்டு இருக்கோம்னு பெதஸ்டா ஒரு வரி போட்டாங்க. அந்த ஒரு வரியை வெச்சு எங்க ஆளுங்க ஒரு மாசம் ஓட்டினாங்க.

காத்திருக்கறவன் சும்மா இருக்க மாட்டான். அந்தத் துண்டுப் படத்துல இருந்த கடற்கரை வளைவை ஸ்கேல் வெச்சு அளந்து, பழைய வரைபடத்தோட ஒப்பிட்டு, இது ஹேமர்ஃபெல்தான், இல்லை ஹைராக்தான்னு ரெண்டு கட்சி. பழைய பாகங்களை எடுத்துத் தாங்களே புதுப்பிக்கறது இன்னொரு கோஷ்டி. டாகர்ஃபாலை முழுசா புது எஞ்சின்ல கட்டி எழுப்பிட்டாங்க. சம்பளம் கிடையாது, ஒரு பைசா கிடையாது.

எனக்கு இது புதுசே இல்லை மக்களே. எங்க தாத்தாகிட்ட பார்த்ததுதான்.

தாத்தா ஊர் உளுந்தூர்பேட்டை பக்கம். பேரு வேணாம், இன்னமும் அங்கே சொந்தக்காரங்க இருக்காங்க. அந்தப் பக்கத்துல திரௌபதியம்மன் கோவிலுக்கு பாரதம் வைப்பாங்க. கொடியேத்தி காப்பு கட்டிட்டா, மத்தியானத்துல பிரசங்கி வந்து வில்லி பாரதம் படிச்சு அர்த்தம் சொல்லுவாரு, ராத்திரியில கூத்து. பகடை துகில், அர்ஜுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம்னு ராத்திரிக்கு ஒண்ணு. விடியக்காலை முகவீணை ஓயும்போது கதை ஒரு இடத்துல நிக்கும். தூங்கி எழுந்து அடுத்த ராத்திரிக்குப் பாயைத் தூக்கிக்கிட்டு இடம் பிடிக்க ஓடணும். கூத்தாடிங்க மட்டும் வேஷம் கட்டறது கிடையாது. காப்பு கட்டினவன் எல்லாருமே அந்த நாள் முழுக்க கதைக்குள்ளதான். தபசு மரத்துல ஏறின அர்ஜுனன் மேல இருந்து எறியற எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்தி நிக்கற பொம்பளைங்க, படுகளத்துல மண்ணுல செஞ்சு படுக்க வெச்ச துரியோதனனைச் சுத்தி நிக்கற ஜனம், அம்மன் கூந்தல் முடியற நேரம் அழற கிழவிங்க. வேஷ விளையாட்டுன்னு 1974ல அவங்க கண்டுபிடிச்சதைப் பார்த்து எங்க தாத்தா சிரிச்சிருப்பாரு.

பிரச்சினை என்னன்னா, வருஷா வருஷம் வைக்க மாட்டாங்க. செலவு கொஞ்சமா? கூத்து ஜமாவுக்கு, பிரசங்கிக்கு, பந்தலுக்கு. அதோட ஊரு ஒண்ணு சேரணும். தாத்தா ஊர்ல 1996ல வெச்சது. அப்புறம் முதல் மரியாதை யாருக்குங்கற தகராறுல நின்னுடுச்சு. ஒவ்வொரு சித்திரைக்கும் தாத்தா கேட்பாரு, "இந்த வருஷம் வெக்கறாங்களாமா?" போன்ல என்கிட்டயும் கேட்பாரு, ஏதோ நான்தான் ஊர் நாட்டாமை மாதிரி.

எனக்குப் புரியாது. ஒரு தடவை கேட்டே விட்டேன். "தாத்தா, கதைதான் முழுசா தெரியுமே. கர்ணன் சாவப் போறான், துரியோதனன் தொடை உடையப் போவுது. இதுக்கு எதுக்கு இப்படிக் காத்துக் கிடக்கற?"

"கதை தெரியும்டா பையா. இந்த வாட்டி பீமன் எவன் கட்டறான்னு தெரியாதுல்ல."

2009ல போயிட்டாரு. அந்த ஊர்ல திரும்ப பாரதம் வெச்சது 2013ல. நான் லீவு போட்டுட்டுப் போனேன். பீமன் வேஷம் கட்டினவன் சின்னப் பையன், நல்லா ஆடினான். கிரீடமும் புஜக்கட்டையும் போட்டுக்கிட்டு அவன் திரையைத் தள்ளிட்டு வந்தப்போ என் பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவர் "தூ, இவன் என்ன பீமன்"னாரு. தாத்தாவும் அதையேதான் சொல்லியிருப்பாரு.

கேம் தொடருக்குக் காத்திருக்கற கூட்டத்துலயும் இந்தக் கணக்கு உண்டு. வர்ஜினியாவுல ஷர்லி கரின்னு ஒரு பாட்டி. 1936ல பிறந்தவங்க. எழுபத்தஞ்சு வயசுக்கு மேல ஸ்கைரிம் ஆட ஆரம்பிச்சு, ஆடறதை யூடியூப்ல போட்டு, பார்க்கறவங்களை எல்லாம் பேரப் பிள்ளைங்களான்னு கூப்பிட்டுப் பிரபலமானவங்க. ஆறாம் பாகம் வரும்போது எனக்கு 88 ஆகிடும், ஆடறதுக்கு நான் இருப்பேனோ என்னவோன்னு ஒரு தடவை சாதாரணமாச் சொல்லிட்டாங்க. ரசிகர்கள் பொங்கிட்டாங்க. கையெழுத்து வேட்டை நடத்தினாங்க. 2019ல பெதஸ்டா சம்மதிச்சுது: ஆறாம் பாகத்துல ஷர்லி பாட்டி ஒரு பாத்திரமா வருவாங்க. அதாவது அவங்க ஆட முடிஞ்சாலும் முடியாட்டியும், அந்த உலகத்துக்குள்ள அவங்க இருப்பாங்க. 88ம் வந்து போயிடுச்சு.

ஜூலியன் லெஃபேன்னு ஆரம்பத்துல ஒரு பேரு சொன்னேனே. எல்டர் ஸ்க்ரோல்ஸின் தந்தைன்னே கூப்பிடுவாங்க. கடைசி காலத்துல டெட் பீட்டர்சனோட சேர்ந்து, டாகர்ஃபால் மாதிரியே பிரம்மாண்டமா 'வேவர்ட் ரெல்ம்ஸ்'னு ஒரு புது ஆட்டம் செஞ்சிட்டு இருந்தாரு. புத்துநோய். 2025 ஜூலையில காலமாயிட்டாரு, ஆட்டம் பாதியில இருக்கும்போதே. நம்ம கல்கி 1954 டிசம்பர்ல போனப்போ 'அமரதாரா' பாதியில நின்னு, மகள் ஆனந்தி அதை முடிச்சாங்கல்ல, அந்த மாதிரி கூட இருந்தவங்கதான் இதையும் முடிக்கணும்.

அந்தச் செய்தி படிச்ச அன்னிக்கு எனக்குக் கூவாகம்தான் ஞாபகம் வந்துச்சு.

கூவாகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உளுந்தூர்பேட்டை பக்கத்துல. 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதுல இருந்து எங்க மாவட்டம். சித்திரா பௌர்ணமிக்கு கூத்தாண்டவர் திருவிழா. நாடு முழுக்க இருந்து திருநங்கைகள் வந்து, பூசாரி கையால தாலி கட்டிக்குவாங்க. மறுநாள் அரவான் களப்பலி. அழுகளத்துல தாலி அறுத்து, வளையல் உடைச்சு, வெள்ளைப் புடவை. அதை வேஷம்னு சொல்லிச் சின்னதாக்க எனக்கு மனசு வரலை. அங்கே ஒரு தடவை நின்னு அந்த அழுகையைக் கேட்டவங்களுக்குத் தெரியும்.

பேப்பர்க்காரங்க எல்லாம் கல்யாணத்தைத்தான் எழுதுவாங்க. மோகினியா வந்த கிருஷ்ணன், ஒரு ராத்திரி தாம்பத்தியம். ஆனா எங்க பக்கத்துக் கதையில அரவான் கேட்ட வரம் இன்னொண்ணு இருக்கு. பாண்டவங்க ஜெயிக்கணும்னா சகல லட்சணமும் உள்ள ஒருத்தன் பலியாகணும். அரவான் சரிங்கறான். ஆனா, "நான் செத்தாலும் பதினெட்டு நாள் யுத்தத்தையும் முழுசா பார்க்கணும்"னு கேட்கறான். வெட்டின தலைக்குக் கண்ணு மட்டும் உசுரோட இருந்து கடைசி வரைக்கும் பார்க்குது. அதனாலதான் நம்ம பக்கத்துக் கோவில்கள்ல பெரிய கண்ணு, முறுக்கின மீசையோட தலை மட்டும் தனியா இருக்கும். சின்ன வயசுல அந்தக் கண்ணைப் பார்த்து நான் பயந்திருக்கேன்.

2004ல "அரவான்னு வெய்யி"ன்னு அவன் சொன்னப்போ நாங்க முதல் பலிங்கற பாதியை மட்டும்தான் யோசிச்சோம். ஆவியா நின்னு வழி சொல்ற ரியா சில்மேன் ஸ்க்ரீன்ல வந்தப்போ கூட ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோணலை. பசங்கதானே.

அந்த பிரவுசிங் சென்டர் இப்போ இல்லை, மொபைல் கடை. அரவானோட சேவ் கேமும் அந்த சிஸ்டத்தோட போச்சு. எட்டுத் துண்டுல ரெண்டு வரைக்கும் எடுத்திருந்தோம். சிநேகிதன் படிப்பை முடிக்கலை. மலையில நிறைய பேர் மாதிரி அவனும் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனான், வந்தான், திரும்பப் போனான். இப்போ ஊரோட இருக்கான். ஸ்கைரிமை அவன் ஆடினதே இல்லை, என் லேப்டாப்புல ஒரு நாள் பார்த்ததோட சரி. பனி மலையைப் பார்த்துட்டு "சாமை கூட விளையாது போல"ன்னான். ஆனா ஆறாம் பாகத்துக்கு என்னை விட அவன்தான் காத்திருக்கான். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போன் வரும். நலம் விசாரிச்சுட்டு, கடைசியில, "மாப்ள, அது வந்துச்சா?"

2025 தீபாவளி முடிஞ்சு மலைக்குப் போயிருந்தேன். பழைய ஆபீஸ் லேப்டாப் ஒண்ணை அவன் பொண்ணுக்குக் கொடுக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன். ஏழாவது படிக்குது. சும்மா போகாம அரீனாவை ஏத்தி வெச்சிருந்தேன். இப்பவும் இலவசம்தான். கரண்டு அன்னிக்கு என்னமோ நல்லாவே இருந்துச்சு. திண்ணையில வெச்சுத் திறந்தோம். பாப்பா அப்பனை விட இங்கிலீஷ் நல்லா படிக்குது. பத்து கேள்விக்கும் கடகடன்னு பதில் சொல்லுச்சு. 'உன் பேர் என்ன?'ன்னு கட்டம் வந்து நின்னுச்சு.

"என்னா பேருப்பா வெக்கறது?"ன்னு அவ அவனைப் பார்த்தா. அவன் என்னைப் பார்த்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலை. அவளே அவ பேரை அடிச்சுக்கிட்டா.

எலியை முதல் அடியிலேயே கொன்னுட்டா மக்களே.